தூங்காதவனுக்குத் துணையிருந்தவர்

“முதுநிலை உறக்க ஆலோசகர். ஆழ்ந்த, இடையறாத, இயற்கையான உறக்கத்தில் நீண்டகால நேரடி அனுபவம் உடையவர். உங்கள் வீட்டு உறக்கத்துக்கு இவரே பொறுப்பு.”

மெத்தைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால், ஒரு புகைப்படத்துக்குக் கீழே இப்படி எழுதி மாட்டியிருந்தார்கள். படத்திலிருந்தவரின் கண்களைப் பார்த்தவர்கள் வாசகத்தை இன்னொரு தடவை படிப்பார்கள். யாரோ கதவைத் தட்டப்போகிறார்கள், அதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று காத்திருக்கும் கண்கள் அவை. கடைப் பையன்கள் அவரை நேரில் ‘ஆலோசகர்’ என்றும், முதுகுக்குப் பின்னால் ‘ஆந்தை’ என்றும் அழைத்தார்கள். இரண்டும் தன் காதில் விழுகிறது என்பதை அவர் காட்டிக்கொண்டதில்லை.

கல்யாணமான புதிதில் அவரும் மற்ற மனிதர்களைப் போலத்தான் தூங்கினார். சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே. தலையணையில் தலை படுவதற்கு முன்பே குறட்டை வந்துவிடும் என்பது மனைவியின் வாக்குமூலம். அப்படித் தூங்கி எழுந்த ஒரு காலையில் வீட்டுக்குள் அளவுக்கு மீறிய வெளிச்சம் இருந்தது. வாசல் கதவைக் காணோம். திறந்து கிடக்கவில்லை, உடைந்து கிடக்கவில்லை; காணோம். கீல்களை வெளியிலிருந்து கழற்றி, போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே யாரோ கதவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. அந்த வீட்டில் விலைபோகக்கூடியது கதவு ஒன்றுதான் என்று திருடன் சரியாகவே மதிப்பிட்டிருந்தான்.

“கதவு பூட்டியிருந்துச்சா?” என்று கேட்டார் புகார் எழுதிய காவலர்.

“பூட்டித்தாங்க இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி உள்ள வந்தான்?”

“உள்ள வரலீங்க. கதவை எடுத்துக்கிட்டு அப்படியே போயிட்டான்.”

“அப்போ உங்க வீட்டுக்குள்ள திருட்டே நடக்கல” என்று காவலர் பேனாவை மூடிவிட்டார்.

முந்திய இரவு படுக்கும்போது கணவன், மனைவி இருவருமே ஆயத்துல் குர்ஸி ஓதியிருந்தார்கள். சிறுதூக்கமும் பெருந்தூக்கமும் தீண்டாத இறைவனைப் பற்றிய அந்த வசனத்தை ஓதிவிட்டுப் படுத்தால் விடியும்வரை காவல் உண்டு என்பது இருவருக்கும் பிள்ளைப் பிராயத்திலிருந்தே தெரியும். நடந்ததை வைத்து இருவரும் இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள்.

“கதவு இல்லாத வீட்ல ராத்திரி பூரா படுத்திருந்திருக்கோம். ஒரு பூனைகூட உள்ள வரல. இதைவிட என்ன காவல் வேணும் உங்களுக்கு?” என்றாள் மனைவி.

கணவர் மறுக்கவில்லை. ஆட்களைக் காப்பதில் இறைவன் குறை வைக்கவில்லை. கீல்களைக் கவனிக்கத்தான் கூடுதலாக ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று அவருக்குப் பட்டது. அந்த ஆள் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து, ஓதுவார், நான்கு பக்கமும் ஊதுவார், பிறகு எழுந்து போய், ஊதியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதைப்போல் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பார். படுப்பார். கேஸ் அடுப்பு நினைவுக்கு வரும். எழுவார். மகள் பிறந்த பிறகு அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. அவளுக்குச் சரளமாகப் பேச வந்த பிறகும் விரல் வைத்துக்கொண்டிருந்ததால், “அத்தா, மூச்சு விடறேன், போய்ப் படுங்க” என்று அவளே இருட்டிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் தூங்கியதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பஸ்ஸில் தொங்கியபடி, துண்டு துண்டாக.

ஒருமுறை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், தொழவைத்த பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே கேட்டுவிட்டார்.

“ஹஜ்ரத், அந்தக் காவல்ல கதவுக் கீலும் சேர்ந்துதானா?”

“ஏன் பாய், அல்லாவுக்கு மரவேலை தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கீல்களுக்கு எண்ணெய் விடுவதுபோல் அவற்றை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார்.

மனைவி இதை ஒரே வாக்கியத்தில் முடிப்பாள். “தூங்கவே தூங்காதவன்னு வாயால ஓதிட்டு, அவனுக்குத் துணைக்கு நீங்க எதுக்குங்க முழிச்சிருக்கீங்க?”

இப்படிப்பட்டவர் மெத்தைக் கடையில் முன்னேறியது புதிராகத் தோன்றலாம், தேவையில்லை. நன்றாகத் தூங்குகிறவனுக்குத் தன் மெத்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது. விழித்துக் கிடப்பவனுக்கு எந்த ஸ்பிரிங் எந்தத் தோளில் இடிக்கும் என்பது அத்துபடி. வாடிக்கையாளர்கள் அவர் பேச்சை நம்பி வாங்கினார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். தலைமையகம் அவருக்குப் பட்டமும் படமும் கொடுத்தது.

பட்டம் கொடுத்தவர்கள் ஒருநாள் அதை நம்பவும் தொடங்கினார்கள். எல்லாக் கிளைகளிலும் ‘உறக்க நாள்’ கொண்டாடப்படும். அந்தந்தக் கிளையின் முதுநிலை ஆலோசகர், கடையின் முகப்புக் கண்ணாடிக்குள், பொதுமக்கள் முன்னிலையில், பட்டப்பகலில் தூங்கிக் காட்டுவார் என்று உத்தரவு வந்தது.

“கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துக்கறேன் முதலாளி” என்றார் ஆலோசகர்.

“அதெல்லாம் நடக்காது பாய்.” முதலாளியின் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. “கையில ஒரு பட்டை கட்டுவாங்க. முழிச்சிருந்தா வெளியில சிவப்பு விளக்கு எரியுமாம். நெசமாத் தூங்கினாத்தான் பச்சை.”

“எரியலைன்னா?”

“எரியலைன்னா, தூங்கத் தெரியாதவருக்கு உறக்க ஆலோசகர் வேலை எதுக்குன்னு தலைமையகம் கேக்கும். நான் என்ன சொல்லட்டும்? குடோன்ல போடலாம்னா, அங்க மூட்டை தூக்கணும். உங்க வயசுக்கு எந்தக் கடையில கூப்பிட்டு வேலை தருவாங்க, நீங்களே சொல்லுங்க.”

ஆலோசகர் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். உறக்க நாள் என்று குறித்திருந்த அதே நாள் காலையில்தான் மகள் தூரத்து ஊருக்கு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கிடைத்த முதல் வேலைக்கு, தனியாகப் புறப்படுகிறாள். அன்று முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளை அழைப்பதாகத் திட்டம் போட்டிருந்தார்.

அன்று காலை பஸ் நிலையத்தில் அவர் மகளின் தலையில் ஓதி ஊதினார். பிறகு அவள் பெட்டியின் மேல் ஊதினார். பஸ்ஸைச் சுற்றி நடந்து எல்லா டயர்களின் மேலும் ஊதிவிட்டு, காற்று இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்தார். கடைசியில் டிரைவரிடம் போனார்.

“தம்பி, நேத்து நல்லாத் தூங்கினீங்களா?”

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நான் தூங்கினேன் பாய். உங்க கண்ணைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க வண்டி எதுவும் ஓட்டலையே?”

“அத்தா, மானத்தை வாங்காதீங்க. போய்ச் சேந்ததும் போன் பண்றேன்” என்றாள் மகள் ஜன்னலிலிருந்து. பஸ் போய்விட்டது. மனைவி அவரைக் கையைப் பிடித்துத் திருப்பிக் கடைப் பக்கம் நடக்கவைத்தாள்.

கடையில் தலைமையகத்து விளம்பரக்காரர் காத்திருந்தார். மேகங்கள் அச்சிட்ட நீலச் சட்டையும் காற்சட்டையும் கொடுத்தார். ஆலோசகர் அதைப் போட்டுக்கொண்டு, நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, தலையில் வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார்.

“தொப்பியைக் கழட்டட்டுமா?”

“இருக்கட்டும் சார், அருமையா இருக்கு. கார்ட்டூன் படத்துல தூங்கறவங்கெல்லாம் தொப்பி போட்டிருப்பாங்க. போனை மட்டும் குடுத்துடுங்க. தூங்கற ஆளு கையில போன் இருக்கக்கூடாது.”

“மக பஸ்ல போயிட்டிருக்கா.”

“கல்லாவுல வைக்கிறேன், பத்திரமா இருக்கும்.”

போன் போனது. மூக்குக் கண்ணாடி போனது. செருப்பு போனது. மணிக்கட்டில் பட்டை ஏறியது. கண்ணாடி அறையின் கதவை விளம்பரக்காரர் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டார். வெளியே விளக்கு சிவப்பாக எரிந்தது.

தெருவில் கூட்டம் சேர்ந்தது. மனிதர்கள் வேலை செய்வதைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. ஒருவர் தூங்கப்போகிறார் என்றால் அலுவலகத்துக்கே விடுப்புச் சொல்லிவிட்டு நிற்பார்கள்.

“முழிச்சிருக்காரு.”

“இமை ஆடுது பாரு.”

“நம்ம மேனேஜரை இங்க படுக்க வெச்சிருந்தா படுக்கறதுக்கு முன்னாடியே பச்சை எரிஞ்சிருக்கும்.”

முதலாளி உள்ளேயிருந்து சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் மார்க்கம் சொல்லிக்கொடுத்தபடி வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஓதத் தொடங்கினார். ஓதி முடித்ததும் பழக்க தோஷத்தில் காலைக் கீழே வைத்தார். கூட்டம் “ஏய்!” என்று கத்தியது. காலை மேலே இழுத்துக்கொண்டார்.

எழுந்து போய்த்தான் என்ன செய்வது? தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருந்தது. வீட்டுச் சாவி மனைவியிடம். போன் கல்லாவில். பஸ் எங்கேயோ. மூக்குக் கண்ணாடி இல்லாமல் கூட்டமே ஒரு வண்ணக் கலங்கலாகத்தான் தெரிந்தது. தான் காவல் காக்கக்கூடிய பொருள் என்று அந்த அறையில் ஒன்றுமே இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார். தன்னையே யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் தடுக்க முடியாத நிலையில், மேகச் சட்டையில், ஊர் முன்னால் கிடந்தார்.

மறுபடி ஓதினார். இந்தத் தடவை எழுந்திருக்க வழியில்லாததால் அவசரமும் இல்லை. வழக்கமாக, வசனத்தின் கடைசிப் பகுதிக்கு வரும்போது அவர் மனம் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டிருக்கும்; நாக்கு மட்டும்தான் ஓதி முடிக்கும். இன்று மனமும் கூடவே வந்தது. வானங்களையும் பூமியையும் காப்பது அவனுக்குப் பாரமில்லை என்கிற இடத்தில் நின்றார். பொருள் தெரியாத இடமல்ல. ஆனால் நின்று பார்த்ததில்லை.

வானம் அத்தனையும், பூமி அத்தனையும். அது பாரமில்லை என்றால் பூமியின் மேல் போகும் ஒரு பஸ் எவ்வளவு கனம்? அதில் ஜன்னலோரம் இருக்கும் பெண்? அவள் பெட்டி? டயர்கள்? கீல்கள்? ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் சேர்ந்த பிறகு ஒன்று விட்டுப்போனதுபோல் இருந்தது. யோசித்துப் பார்த்தார். விட்டுப்போனது அவரேதான். இத்தனை காலமும் காவலாளிகள் பக்கத்தில் தன்னைச் சேர்த்து வைத்திருந்தாரே தவிர, காக்கப்படுகிறவர்கள் பக்கத்தில் ஒருநாளும் சேர்த்ததில்லை. அவரும் பூமியின் மேல்தான் இருந்தார். அதுவும் இந்த நேரத்தில் நல்லதொரு மெத்தையின் மேல்.

‘யா அல்லா, நீ பாத்துக்கோ. நான் கொஞ்சம்…’ என்று ஆரம்பித்தார்.

விளக்கு பச்சையானது.

கூட்டம் கைதட்டியது. முதலாளி தலைமையகத்துக்குப் போன் போட்டுச் செய்தி சொன்னார். அதோடு முடிந்திருந்தால் நல்ல விளம்பரம். முடியவில்லை. கைதட்டியவர்களில் ஒரு தடித்த மனிதர் உள்ளே வந்து மெத்தை கேட்டார்.

“இதே மாதிரிப் புது மெத்தை உள்ள இருக்கு சார்.”

“மாதிரியெல்லாம் வேண்டாங்க. அவரு படுத்திருக்காரே, அதுதான் வேணும். எனக்கும் தூக்கம் வராது.”

முதலாளி வியாபாரி. கடைப் பையன்கள் ஆலோசகரைப் போர்வையோடு தூக்கி இன்னொரு மெத்தைக்கு மாற்றினார்கள். விளக்கு பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்ததும், மாற்றிய மெத்தையை ஓர் அம்மா கேட்டார். மறுபடி தூக்கினார்கள். பச்சை. விற்ற மெத்தைகளில் பெரியது கண்ணாடி அறைக் கதவு வழியாக வெளியே வரவில்லை. ஸ்குரூ கழற்றும் கருவியைக் கொண்டுவந்து, கடகடவென்ற சத்தத்தோடு, அவர் தலைமாட்டிலேயே கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பச்சை.

அப்போதுதான் மனைவி வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தாள், மெத்தையில் குறட்டை விடும் கணவரைப் பார்த்தாள்.

“மறுபடியும் கதவைக் கழட்டிட்டாங்களா!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்காகச் சிரிக்கிறாள் என்று கடையில் ஒருவருக்கும் புரியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லாவில் போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

“அத்தா, வந்து சேந்துட்டேன்” என்றாள் மகள்.

“அல்ஹம்துலில்லாஹ். நான்தாம்மா பேசறேன். அத்தா தூங்கறாரு.”

“என்னம்மா சொல்றீங்க? உடம்புக்கு என்ன? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“ஒண்ணும் இல்லடி. தூங்கறாரு. அவ்வளவுதான்.”

“மூச்சு வருதான்னு பாத்தீங்களா?”

மனைவி கண்ணாடி அறைக்குள் போய், கணவரின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். “வருது. தெருவுக்கே கேக்குது.”

விளம்பரக்காரர் கேமராவோடு வந்தார். “மேடம், நிகழ்ச்சி நேரம் முடிஞ்சுது. சாரை எழுப்பினா ஒரு பேட்டி எடுத்துக்கலாம்.”

“எழுப்பிப் பாருங்க, அப்புறம் நடக்கறதையும் படம் எடுத்துக்கலாம்” என்றாள் அவள். “சாயங்காலம் அஸர் தொழுகைக்கு நானே எழுப்புவேன். அதுவரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது.” கழற்றிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டாள்.

தலைமையகம் பிறகு வெளியிட்ட குறிப்பில், முதுநிலை ஆலோசகர் பல்லாண்டுப் பயிற்சியால் கைவரப்பெற்ற தொழில்நுட்பத்தைக் கொண்டு, மூன்று வகை மெத்தைகளில் உறக்கத்தைத் தடையின்றி நிகழ்த்திக் காட்டியதாகக் கண்டிருந்தது. வேலை நிலைத்தது. படத்துக்குக் கீழே இருந்த வாசகம் இன்னும் ஒரு வரி நீண்டது.

அவர் செய்தது இவ்வளவுதான்: மகளை அல்லாவிடம் விட்டுவிட்டுத் தூங்கினார்.