கூரைத் தெருவில் தீச்சட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசமாகத் தள்ளிப் போட்டுவிட்டேன். எழுதினால் பெருமை அடித்துக்கொள்கிற மாதிரி இருக்குமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அம்மன் காரியத்தில் ஒரு சொல் கூடக்குறைய வந்துவிடக் கூடாதே என்ற பயம் இன்னொரு பக்கம். ஆனால் எங்கள் தெருவில் நடந்ததை இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். கண்ணால் பார்த்தவன் நான். எழுதிவிடுவதே முறை.

எழுபதுகளின் கடைசி அது. எட்டயபுரம் பஸ்ஸில் இறங்கி வண்டிப்பாதையில் நடந்தால் எங்கள் ஊர். சோளமும் பருத்தியும் எடுத்து முடிந்ததும் கரிசல் காய்ந்து பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். புஞ்சைக் காட்டில் அறுத்தது போக நிற்கிற சோளத்தட்டைக்கும் புல்லுக்கும் தீப்பிடிக்க ஒரு பீடித்துண்டு போதும். வைகாசி பிறந்தால் மேல்காற்று வேறு. ஊரில் முக்கால்வாசி வீடு பனையோலைக் கூரை. முந்தின வருசம் காட்டில் பிடித்த தீ காற்றோடு வந்து மேலத்தெருவில் ஒரு சாரி வீடுகளைத் தின்றுவிட்டது. அதில் என் வீடும் ஒன்று. தீயணைப்பு வண்டி கோவில்பட்டியிலிருந்து வந்து சேரும்போது மண்சுவர்தான் நின்றது. தூரம் அப்படி, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த கோடைக்கு முன்னாலேயே ஊர்க்கூட்டம் போட்டு, தீக்காவல் பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். சித்திரையில் ஒரு மழை விழுந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் இருக்கிற ஏரையெல்லாம் பூட்டி, ஊருக்கு மேற்கே அகலமாக உழுது போட்டோம். வெறும் கட்டியாகக் கிடக்கிற நிலத்தைத் தாண்டித் தீ வராது. வீட்டை ஒட்டி நின்ற மாட்டுத் தீவனத் தட்டைப் படப்புகளைப் பிரித்து ஊருக்குக் கிழக்கே கொண்டுபோய் அடுக்கினோம். தீப்பெட்டி ஆபீசிலிருந்து தீக்குச்சி அடுக்க வாங்கி வந்து வாசலில் போட்டிருந்த கட்டைச் சட்டங்களெல்லாம் வீட்டுக்குள்ளே போயின. வாசலுக்கு வாசல் ஒரு பானை தண்ணீர், ஒரு சாக்கு, எரிகிற ஓலையை இழுத்துத் தள்ள ஒரு தொரட்டி. இவ்வளவும் செய்தவர்கள், காற்றுக் கிளம்பினால் அடுப்பை அணைக்க வேண்டும் என்றதும்தான் சண்டைக்கு வந்தார்கள்.

எதிர்த்த வீட்டு அம்மா நடுத்தெருவில் நின்று கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, எங்க அடுப்பை மட்டும் அணைக்கச் சொல்லுதீங்களே, அம்மன் கோயில் பொங்கலுக்கு உங்க வீட்டு மதினி தீச்சட்டி எடுக்கப் போறாவ. அதுல என்ன பச்சத்தண்ணியா எரியப் போவுது?"

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மகள் அம்மை கண்டு கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டது. பொங்கலோ வைகாசியில். புதுசாக வேய்ந்த கூரைகளுக்கு நடுவே, மேல்காற்றில், எரிகிற சட்டி. நேர்த்தியையும் விட முடியாது, தெருவையும் விட முடியாது.

பூசாரியிடம் போய், சட்டியை ஊருக்கு வெளியே அந்த உழவு வழியாகக் கொண்டு போகலாமா என்று கேட்டேன்.

"ஓய், வாசலுக்கு வாசல் வந்து நிக்கவ ஆத்தா. வெளியிலேயே சுத்திட்டுப் போவ என்ன அசலூர்க்காரியா?" என்றார்.

"அப்ப அவகிட்டயே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாரும்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் ஊருக்கு வெளியே, சிவப்பு வந்தால் தெரு. பேச்சு வராத ஒரு பச்சைப்பிள்ளையை எடுக்கச் சொன்னோம். நான் கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளையைக் கொடு தாயே என்று கெஞ்சினேன்.

பிரித்தால் சிவப்பு.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரிதான் சொன்னாள்: "என்ன முழிக்கிய? ஆத்தா வீட்டுக்கு வாரேன்னு சொல்லுதா. வர்றவளுக்கு வீட்டை ஒழுங்கா வச்சிருக்கது நம்ம வேலை."

காற்றுக் கிளம்புமுன் முடித்துவிடலாம் என்று காலையிலேயே சட்டி எடுக்க ஏற்பாடு. விடியுமுன்னே பெண்கள் ஊர்க்கிணற்றிலிருந்து தெருக்கடைசி வரை வரிசையாக நின்று குடம் குடமாகக் கை மாற்றினார்கள். கூரை ஒவ்வொன்றும் நனைந்து சொட்டியது. நான் யாரையும் கூப்பிடவில்லை. சிரித்த தெருதான், அத்தனை பேரும் வந்து நின்றார்கள். ஆண்கள் ஈரச்சாக்கோடு கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். எதிர்த்த வீட்டு அம்மா தன் அடுப்பில் தானே தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து குடத்தைப் பிடித்தாள்.

என் வீட்டுக்காரி வேப்பிலையை உள்ளங்கையில் வைத்து அதன்மேல் சட்டியை ஏந்தி வந்தாள். அன்றைக்குப் பார்த்துக் காற்று முந்திக்கொண்டது. தெருவில் பாதி வருவதற்குள் சட்டியிலிருந்து பொறி பறந்தது. ஒன்று போய் ஒரு கூரையின் இறவாரத்தில் செருகிக்கொண்டது. அடிப்பக்கத்து ஓலை நனையாமல் இருந்திருக்கிறது. சட்டென்று புகை.

"ஏலே, இந்தப் பக்கம்!" என்று ஒரு சத்தம்தான். தொரட்டி ஓலையைப் பிடுங்கித் தள்ளியது, சாக்கு அமுக்கியது, ஒரு குடம் தண்ணீர். முடிந்தது. ஒருத்தரும் ஓடவில்லை. மேளம் நிற்கவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலுக்கு வாசல் நின்று, மஞ்சள் தண்ணீர் வாங்கிக் கோயிலில் கொண்டுபோய்ச் சட்டியை இறக்கிய பிறகுதான் என்னைப் பார்த்து, "எந்த வீடு?" என்று கேட்டாள். சட்டி ஏந்திய அந்தக் கைகளைப் பார்த்தேன், தெருவையும் பார்த்தேன். ஒரு வீடு குறையவில்லை. இந்த ஊரில் பிறந்ததற்கு அன்றைக்குப் பட்ட சந்தோசம் பிறகு எதற்கும் பட்டதில்லை.

இப்போது சிலர், அம்மன் தீயைக் குளிர வைத்தாள், தண்ணீரே வேண்டியிருக்கவில்லை என்கிறார்கள். சிலர் சாமியை விட்டுவிட்டுச் சாக்கை மட்டும் சொல்லுகிறார்கள். இரண்டும் வேண்டாம். சிவப்புப் பூ வந்ததும் உண்மை, குடம் கை மாறியதும் உண்மை. இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லும்போது, அவள் வந்தாள், நாங்கள் ஆயத்தமாக இருந்தோம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.