மணியின் நாக்கில் ஒரு கட்டம்

2004 ஜூன் 14, திங்கட்கிழமை, காலை ஐந்து இருபது. விருத்தாசலத்தில் காற்றே இல்லாத புழுக்கம்.

பீங்கான் கோப்பைகளில் பூ வரையும் என் மகளுக்கு, செல்போன் திரைக்கான சின்னப் படங்கள் வரையும் வேலைக்கு அன்று சென்னையில் தேர்வு. அங்கே காட்டுவதற்கு, அலாரத்துக்கான படமாகக் கட்டத்தாளில் ஒரு மணி வரைந்திருந்தாள். முந்தின நாள் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். மணியின் நாக்கு இடப்பக்கம் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. வலப்பக்கமும் ஒரு கட்டத்தை மையால் நிரப்பிச் சமன் செய்துவிட்டேன்.

புறப்படும்போது பார்த்தவள் கத்தினாள். "யாருப்பா இதுல கைய வச்சது?"

"நான்தான். கணக்கு இடிச்சுது. ஒரு கட்டத்துக்கா இந்தக் கூத்து?"

"அந்த ஒரு கட்டத்துக்குத்தாம்பா சம்பளமே! தள்ளிப் புடிச்சுப் பாருங்க. நேத்து மணி அடிச்சுது. இப்ப சும்மா தொங்குது."

தள்ளிப் பிடித்தேன். மணி செத்துப் போயிருந்தது. அந்த ஆத்திரத்தில் அவளையே இன்னும் நான்கு வார்த்தை திட்டினேன். அவள் புதிதாக வரைந்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. வாடகைக் கார் பிடித்து அனுப்பினேன்.

வேலை கிடைத்தது. அவள் படங்கள் இன்று பல போன்களில் இருக்கின்றன. எண்ணினேனே தவிர, ஒருமுறைகூடத் தள்ளிப் பிடித்துப் பார்க்கவில்லையே என்று என் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கார் வாடகை, டிரைவர் பேட்டாவோடு, 2,350 ரூபாய்.