மூன்று வட்டங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், டெங்கு எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பது என் வேலை. அரசு அலுவலகம், ஆகவே கொசுவுக்கும் விதிமுறை இருந்தது. நோயாளியின் வீடு வரைபடத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு வட்டம். ஒரே வட்டத்துக்குள் மூன்று புள்ளிகள் விழுந்தால்தான் அந்தப் பகுதிக்கு நோட்டீஸ், கொசுமருந்துப் புகை எல்லாம்.

என் தம்பி ஆஸ்டின் டவுனில் என்னோடுதான் இருந்தான். அடுகோடிப் பகுதியில், பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறையில் வேலை. மழைக்காலத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்:

"அண்ணா, பட்டறையில ரெண்டு பேருக்கு டெங்கு. வெளிய அடுக்கின டயர்ல எல்லாம் தண்ணி, புழு நெளியுது. கஸ்டமர் டயர்ல கை வைக்காதேங்கறாரு ஓனர். கவர்மெண்ட் நோட்டீஸ் வந்தா உள்ள எடுத்துப்பாராம். உன் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லி ஒண்ணு அனுப்பேன்."

மறுநாள் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஒருவர் வீடு பொம்மனஹள்ளி, மற்றவர் வீடு சிவாஜி நகர். இரண்டு வட்டங்கள், ஆளுக்கொரு புள்ளி. வரைபடத்தில் அடுகோடி புள்ளியே இல்லாமல் சுத்தமாக இருந்தது. மேலதிகாரியிடம் போனேன்.

"சார், இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். பகல்ல ரெண்டு பேரும் ஒரே பட்டறையில. புள்ளியை அங்க வைக்கணும்."

"மாடல்ல ஒரு ஆளுக்கு ஒரு இடந்தான். ரூல் தெரிஞ்ச நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? கமிட்டிக்கு நோட் போடுங்க."

போட்டேன். எந்த மேசைக்கு அடுத்து எந்த மேசை என்பது எனக்கு மனப்பாடம். நோட் வரிசை தவறாமல் நகர்ந்தது.

"என்னாச்சு, உன் கொசு கையெழுத்துப் போட்டுச்சா?" என்று தம்பி தினமும் கேட்டான். பிறகு கேட்கவில்லை. காய்ச்சலில் படுத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

அவன் புள்ளி ஆஸ்டின் டவுனில், எங்கள் வீட்டின் மேல் விழுந்தது. மூன்று வட்டங்களும் ஒன்றையொன்று தொடவில்லை.

சாவு விழுந்தால் எண்ணிக்கை பார்க்காமல் அந்த வீட்டுக்குப் புகை போடலாம் என்று தனி விதி உண்டு. காரியம் முடிந்த வாரம் மெஷினோடு வந்தார்கள்.

"கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைங்க சார். சாப்பாட்டை மூடிடுங்க."

இரண்டையும் முன்பே செய்திருந்தேன்.

"அடுகோடிக்கு எப்போ?" என்று கேட்டேன்.

"அது நம்ம லிஸ்ட்லயே இல்லியே சார்."

புகை தெருவிலிருந்து உள்ளே வந்து, தம்பியின் கட்டிலை மறைத்துவிட்டு, மெதுவாகக் கலைந்தது. புகை போட்டதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். போட்டேன்.