குதிரைக்குத் தகிட கற்றுக்கொடுத்தவள்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குதிரைக்கு ஓடக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடப் பெண் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் குதிரைக்காரர். பங்களாவின் லாயத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். பெண்கள் பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துப் படித்தவள் நான். அந்தப் படிப்பு அந்த அறையோடு சேர்ந்து வந்தது.

அந்த வருடம் துரைசானி சவாரி செய்வதற்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் ஓர் இளங்குதிரை வந்தது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நடக்கும், ஆளைக் குலுக்கி எடுக்கும் ஓட்டம் ஒன்று ஓடும், அதற்கு மேல் வராது. துரைசானிக்குத் தொட்டில் ஆடுவதுபோல மிதமான ஓட்டம் வேண்டும். அதைக் 'கேன்டர்' என்பார்கள். துரையும் துரைசானியும் இரண்டு வாரம் மலைக்குப் புறப்பட்டபோது, திரும்புவதற்குள் குதிரை பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று துரை சொல்லிவிட்டுப் போனார்.

"வேற ஆளு வந்தா நாம திரும்பவும் ரப்பர் பால்மரத் தோட்டத்துக்குத்தான். புள்ள படிப்பு அதோட போச்சு," என்றார் அம்மா.

மறுநாள் விடிந்ததும் அப்பா என்னைத் தூக்கிச் சேணத்தில் உட்காரவைத்தார். அம்மா ஓடிவந்தார்.

"பொம்பளப் புள்ளய குதிர மேல ஏத்துறீங்களே! உழுந்து பல்லு போச்சுன்னா எவன் கட்டுவான்?"

"பல்லில்லாதவனாப் பாத்துக் கட்டிக் குடுப்போம்," என்றார் அப்பா. "கனமில்லாத ஆளு ஏறுனாத்தான் எளங்குதிர பழகும்."

நான் அப்படியே நம்பினேன். கனமில்லாமல் இருப்பதே எனக்கு ஒரு திறமையாகப்பட்டது.

அப்பா கோயில் திருவிழாக்களில் உறுமி அடிப்பவர். கொள்ளு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் டின்னில் தாளம் போடுவார். குலுக்கும் ஓட்டம் 'தக தக'. எங்களுக்கு வேண்டியது 'தகிட தகிட'. டின் தகிடவுக்கு மாறியதும் நான் குதிகாலால் அழுத்த வேண்டும். அழுத்தினால் குதிரை அதே தகதகவை இன்னும் வேகமாக ஓடும். என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். ஒரு வாரம் இப்படியே போனது.

"ஒங்க மக குதிரய வெரட்டுறாளா, குதிர ஒங்க மகள வெரட்டுதா?" என்று கேட்டபடி அம்மா, அப்பாவின் இடுப்பில் தைலம் தேய்ப்பார். மழைக்காலத்தில் கிழட்டுக் குதிரை ஒன்று அங்கே உதைத்திருந்தது; துரைக்கு அது தெரியாது.

ஒன்பதாம் நாள் எனக்கே ஒன்று பிடிபட்டது. பலாமரத்து வளைவில் திரும்பும்போது குதிரை தானாகவே உடம்பைச் சுருக்கி ஒரு நொடி நிதானிக்கும். அந்த இடத்தில் விரட்டாமல், கடிவாளத்தை இலேசாகப் பிடித்து, வெளிப்பக்கக் குதிகாலைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய் அழுத்தினேன். "தகிட!" என்று நானே கத்தினேன். குதிரையின் முதுகு எழும்பித் தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. அப்பா டின் அடிக்க மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் ஓடியது.

துரையின் மோட்டார் சத்தம் கேட்டதும் அப்பா வாளியிலிருந்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, விறைப்பாக நடந்து போனார். அது மரியாதை என்று நினைத்தேன். துரைசானி ஏறினார். வளைவில் குதிகாலை வைத்தார். குதிரை அழகாகத் தகிட ஓடியது. துரை கைதட்டிவிட்டு, இதன் முதுகில் ஏறிப் பழக்கியது யார் என்று மலாய் மொழியில் கேட்டார்.

நான் ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன்.

"சாயா, துவான்," என்றார் அப்பா. 'நான்தான், துரை' என்று அர்த்தம்.

மூன்று நாள் அப்பாவோடு நான் பேசவில்லை. "குதிரகிட்டகூடப் பேசுற, எங்கிட்ட பேச மாட்டியாம்மா?" என்று கெஞ்சிப் பார்த்தார். அந்த மூன்று நாளும் காலையில் பள்ளிக்கூட வாசல்வரை என்னோடு நடந்தே வந்தார். வழியெல்லாம் பின்தங்கிக்கொண்டே இருந்தார். பொய் சொன்னவர் பக்கத்தில் நடக்கக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், நான் இன்னும் எட்டி நடந்தேன்.