நாலே காலுக்கு ஒரு சிப்ஸ்

நோட்டம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி முடித்து, போகிற வீட்டிலெல்லாம் நோட்டும் கையுமாக நின்றதில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், சிறுநீர் எவ்வளவு போனது, யார் மேல் எரிந்து விழுந்தார் என்று எல்லாம் அதில் ஏறிவிடும். "அக்காகிட்ட பொய் சொல்லணும்னா தேதி பார்த்துச் சொல்லணும்" என்பாள் உடன்பிறந்தவள்.

சாமி கும்பிடுவதும் சுருக்கம்தான். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் வரை நின்றபடியே கும்பிடுவாள். இன்றைக்கு யாரும் வழுக்கி விழக் கூடாது என்பதற்கு மேல் கடவுளிடம் அவளுக்குப் பேச்சு கிடையாது.

இப்போது அவள் பார்த்துக்கொண்ட பெரியவர், மாதப் பத்திரிகையொன்றில் இறைநம்பிக்கை, குடும்பம், உணவு என்று கட்டுரை எழுதுகிறவர். பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருக்கு விழுங்குவது சிரமம். எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னொரு தடவை மூச்சடைத்தால் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். அங்கே எழுதும் மேஜைக்கு இடமில்லை. மேஜை இல்லாவிட்டால் அவருக்கு மூச்சே வேண்டாம். மகளோ ஞாயிறுதோறும் வந்து நோட்டை முதல் வரியிலிருந்து படிக்கிறவள்.

அந்தச் சனிக்கிழமை மாலை பெரியவர் நாவடக்கம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த நோட்டம்மா ஏதோ சரியில்லை என்று திரும்பினாள். இருமல்கூட இல்லை, முகம் மட்டும் நீலம் பாரித்திருந்தது. ஒரே எட்டில் போய் அவரை முன்னால் சாய்த்து, தோள்களுக்கு நடுவே ஓங்கி நாலு தட்டு தட்டினாள். நாலாவது தட்டில் ஓர் உருளைக்கிழங்கு சிப்ஸ், 'நாவை வென்றவன்' என்ற வரியின் மேலேயே வந்து விழுந்தது.

மூச்சு திரும்பியதும் அவர் பேசிய முதல் பேச்சு: "இதை நோட்டுல எழுதாதம்மா."

"நான் லீவு போட்டா வர்ற பொண்ணு இதைப் படிச்சிட்டுத்தான் உங்களுக்கு ஊட்டுவா. எழுதாம விட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றவள், மருத்துவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள்.

கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் தானே எழுதுவதாகச் சொன்னார். வார்த்தை அவருடையதாக இருக்கலாம், நடந்ததை மாற்றக் கூடாது என்று ஒப்புக்கொண்டாள்.

முதலில் 'சிறு தடங்கல்' என்று எழுதினார். அதைக் கோடு போட்டு அடித்தாள். அடுத்து 'இறையருளால் பிழைத்தேன்' என்றார்.

"அருள் இருக்கட்டும். முதுகுல நாலு தட்டு விழுந்ததையும் போடுங்க."

போட்டார். மணி நாலே கால் என்றும் போட்டார். சிப்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் பேனா நின்றது. ஒருவரைக் காட்டிக்கொடுப்பது பாவம் என்றார்.

"பாவத்தைப் பிரார்த்தனையில சொல்லிக்கங்க. பாக்கெட் எங்கேன்னு எனக்குத் தெரியணும்."

பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினார்: மாப்பிள்ளை வாராவாரம் கொண்டுவருவது. தலையணை உறைக்குள் இருக்கிறது.

மறுநாள் மகள் வந்தாள். பின்னாலேயே வந்த மாப்பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் பேப்பர் பார்த்தார். மகள் அந்தப் பக்கத்தை நின்றபடி ஒருமுறையும் உட்கார்ந்து ஒருமுறையும் படித்தாள். பெரியவர் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினதுல நான் கடைசி வரைக்கும் படிச்சது இது ஒண்ணுதான்பா" என்றாள் மகள். பிறகு நோட்டம்மாவிடம், "இவரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா ரெண்டு பேருமா சேர்ந்து தினம் தின்னுவாங்க. இங்கேயே இருக்கட்டும்."

மேஜையைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. மாப்பிள்ளை பையோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நோட்டம்மா போய் அவர் கையிலிருந்த பையை மரியாதையாக வாங்கித் திறந்தாள். இரண்டு பாக்கெட் இருந்தன. ஒன்றைப் பிரித்து மகளிடம் நீட்டினாள். மற்றதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விழுங்குவதில் அவளுக்கு எந்தக் கோளாறும் இல்லை.