குழாயில் ஒட்டிக்கொண்ட பாலாடை

மூன்றாவது நாளாகத் தராசில் அதே எண். ஆயிரத்து நூற்று எழுபது கிராம். என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டவள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாததால், நான் பீய்ச்சித் தரும் பாலை என்.ஜி. டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாய்) வழியாக ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். என் பாலில்தான் சத்தில்லை என்று நானே முடிவு கட்டிக் கணவரிடம் அழுதேன்.

"மழ வந்துடும்னு கல்யாண மண்டபத்துக்கே மூணு கொட எடுத்துனு வந்தவ நீ. டாக்டரக் கேளு, எனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

கேட்கத் தைரியமில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிஞ்ச் பம்ப் (பாலைச் சீராகத் தள்ளும் இயந்திரம்) மேல் அது படுத்த வாக்கில் இருந்தது. ஒரு வேளைப் பால் இறங்க ஒரு மணி நேரம். கொஞ்ச நேரத்தில் பாலின் மேல்பக்கம் மஞ்சளாக ஒரு கோடு. பால் தீர்ந்த பிறகும் அந்தக் கோடு சிரிஞ்சிலும் குழாயிலும் ஒட்டியே இருந்தது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். ஆம்பூரில் தோலுக்குக் கலர் அடிக்கும் பிரிவில் வேலை செய்தவள் நான். கலரைச் சும்மா வைத்தால் பிரிந்துவிடும். முதல் தோல் ஒரு நிறம், கடைசித் தோல் வேறு நிறம். அதனால் கேனை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் ஊற்றுவோம்.

மறுநாள் பால் பாட்டிலையும் அப்படியே குலுக்கினேன். பாதி பாட்டில் நுரை.

"இன்னாம்மா இது, டீ ஆத்தினியா?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். "இத ஊத்தினா புள்ள வயித்துல காத்துதான் ஏறும்."

அழுதுகொண்டே மஞ்சள் கோட்டைக் காட்டினேன். சிஸ்டர் பழைய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

"இது பால்ல இருக்கிற கொழுப்பு. மேல மிதக்கும், பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். மெதுவா ஏத்தினா இன்னும் ஜாஸ்தி ஒட்டும். எட ஏர்றதுக்கு முக்கியமா வேணும் இது" என்றார் டாக்டரம்மா. "உங்க பால்ல கொற இல்லம்மா. வர்ற வழியில நின்னுடுது."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகவே அன்று இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

அன்றே சிரிஞ்சின் முனை மேலே பார்க்கும்படி சாய்த்து வைத்தார்கள். மிதக்கும் கொழுப்பு முதலில் போய்விடும். பம்பிலிருந்து மூக்குக் குழாய்வரை போகும் நீளக் குழாயை மாற்றிக் குட்டையானதைப் போட்டார்கள். பாட்டிலைக் குலுக்காமல், லேசாகச் சுழற்றச் சொல்லித் தந்தார்கள். நான்கு நாள் கழித்து, அவள் வயிறு தாங்கும் என்று பார்த்து, பம்பையே எடுத்துவிட்டார்கள். சிரிஞ்சை நான் கையில் உயர்த்திப் பிடிப்பேன். பால் தன் எடைக்குத் தானாக இறங்கும்.

அந்த வாரக் கடைசியில் தராசு ஆயிரத்து இருநூற்று முப்பது காட்டியது. "மொதல்ல வூட்டுக்காரருக்கு போன் போடு" என்று சிஸ்டரே என்னை வெளியே தள்ளினார்.

"அறுபது கிராமா? ஒரு செருப்புப் பட்டை வெயிட்டு கூட வராதே" என்றார் கணவர். ஆனால் சாயங்காலம் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வந்து நின்றார். காவலாளிக்குக்கூட இரண்டு.

இப்படிக் காத்திருக்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்களாகக் குழாயைத் தொடாதீர்கள். எடை ஏறாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கண்ணில் பட்டதை, படிக்காதவள்தானே என்று விழுங்கிவிடாமல் சொல்லிவிடுங்கள்.

சில வாரம் கழித்து அவளை முதல்முறை மார்பில் போட்டேன். பற்றிக்கொண்டாள்.

"எவ்ளோ எம்.எல். போச்சு சிஸ்டர்?"

"உனக்கு இன்னா கோடு போட்டா வெச்சிருக்கு? அவ தொண்டையப் பாரு."

பார்த்தேன். அத்தனை நாளும் என் நேரம் சிரிஞ்சின் அளவுக் கோடுகளோடு ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. என் உடம்பு, பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருந்த ஒன்று. இப்போது கோடும் இல்லை, பார்க்க ஒன்றுமில்லை. அவள் விழுங்கும் சின்னச் சத்தம் மட்டும். எண்ண ஆரம்பித்தேன். ஏழோ எட்டோ வந்திருக்கும், அதற்கு மேல் எண்ணவில்லை.