சுவிட்சம்மாவும் மேற்குப் பக்க அறையும்

நகராட்சியில் அவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர் சுவிட்சம்மா. புதுக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் அவள் செய்யும் முதல் காரியம், எல்லா சுவிட்சையும் அணைப்பதுதான்.

விதி என்னவோ நகராட்சியுடையது. மக்கள் வரிப்பணத்தில் எழும்பும் கட்டடத்தில் பகலில் விளக்கில்லாமல் வெளிச்சம் இருக்க வேண்டும். ஃபேன் நின்றாலும் மனிதர் உட்கார முடிய வேண்டும். மழைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தொட்டிக்குப் போக வேண்டும். சோதிக்கக் கருவியும் கொடுத்திருந்தார்கள். அதையும் பார்ப்பாள். ஆனால் கருவிக்கு வியர்க்காதே! அதனால் வெயில் ஏறிய நேரத்தில் அறைக்கு அறை நாற்காலி போட்டுத் தானே உட்கார்ந்துவிடுவாள். உட்கார முடியாத அறைக்குக் கையெழுத்து கிடையாது. கெஞ்சியவர்களும் உண்டு, கத்தியவர்களும் உண்டு. அசைந்தாளா அவள்? அப்படி ஒரு மனுஷி.

அவளுக்கு ஒரே தம்பி. தாய் இறந்த பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் கான்ட்ராக்டராகி, முதல் பொது வேலையாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரியைக் கட்டினான். “என் தம்பி வேலை சார், வேற ஆளை அனுப்புங்க” என்று மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

“உன்னை விட அவனை யாரும்மா படுத்தப் போறா? நீயே போ” என்றார் அவர்.

அவள் சோதிக்கப் போன நாளுக்கு மறுநாள் திறப்பு விழா. வாசலில் பந்தல்கூடப் போட்டாயிற்று. மேற்குப் பக்க அறைக்குள் நுழைந்தால் ஜிலுஜிலுவென்றிருந்தது.

“பரவாயில்லையேடா” என்றாள். தம்பிக்கு வாயெல்லாம் பல். மெல்ல நழுவப் பார்த்தான்.

“எங்க போற? நீயும் உக்காரு.”

அக்காவும் தம்பியும் உட்கார்ந்து வீட்டுக் கதை பேசினார்கள். வெயில் ஜன்னல் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அறை வெந்நீர் அண்டா மாதிரி ஆகிவிட்டது. தம்பி கைக்குட்டையைப் பிழிந்தான். அவள் எழுந்து ஜன்னலைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியும் பலனில்லை. விழாவுக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று, சாத்தியபடியே சட்டத்துக்கும் நிலைக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்து ஒட்ட வைத்திருந்தார்கள்.

“காலைல எதை வச்சுடா குளிர வச்சே?”

அவளிடம் மட்டும் அவனுக்குப் பொய் வராது. “வாடகைக்கு ஏசி மெஷின் எடுத்தேன். நீ வர்றதுக்குள்ள அனுப்பிட்டேன்” என்றான் தரையைப் பார்த்து.

“பிள்ளை பெத்தவ இங்க படுத்திருப்பா. அவளுக்கும் தினம் வாடகைக்கு எடுத்துக் குடுப்பியா?”

“இந்த ஒரு தடவை கையெழுத்தைப் போட்டுடுக்கா. நாளைக்கு ஊரே வருது. போடலன்னா எனக்கு அக்கானு ஒருத்தி இல்லன்னு நெனச்சுக்கறேன்.”

அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதாள்.

பந்தலைப் பிரித்தார்கள். ஜன்னல்களைச் சுரண்டித் திறந்து, வெயில் மறைக்கச் சாய்வுப் பலகை வைத்து, சுவரின் மேலே காற்றுக்கு வழி விட்டான் தம்பி. மறுபடி அவள் போய் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட அன்று அவன் வரவில்லை, மேஸ்திரியை அனுப்பியிருந்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. போனை எடுப்பாள், வைப்பாள்.

“நீயே ஒரு வார்த்தை பேசிடேன்” என்றார் கணவர்.

“பேசிடுவேன். அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருக்கணும்னு அவன் சொன்னா, ஆமானு சொல்ல எனக்கு வராதுங்க.”

தம்பியின் அடுத்த வேலை ஒரு பள்ளிக்கூடம். அதைச் சோதிக்க வேண்டிய நாள், அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அக்கா, இன்னிக்கு வராத.”

வேறு அதிகாரியைக் கேட்டுவிட்டான் போல என்று நினைத்தாள்.

“நேத்து மேற்குப் பக்க அறைல எல்லாத்தையும் அணைச்சிட்டு உக்காந்து பாத்தேன். முடியலக்கா. பசங்க பாவம். திறப்பைத் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன். சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன்.”

போனை வைத்தாள். பேனா இருந்த பையை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் கையோடு புறப்பட்டாள்.

பள்ளிக்கூடத்து மேற்குப் பக்க அறையில், கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தான் தம்பி. “வராதன்னு சொன்னேனே” என்றான்.

“அதிகாரியைத்தானே வராதன்ன? அவ வரலடா.”

அவன் எழுந்து இன்னொரு வாளியைத் தேடிக் கவிழ்த்துப் போட்டான். அணைத்திருந்த சுவிட்சை யாரும் தொடவில்லை.